மரை கழண்ட கதை

என்ன ஆராய்ச்சி பண்ணுகிறாய் என்று உறவுக்காரர்கள் கேட்டால் சொல்வதற்குச் சில விடைகளைத் தயாராக வைத்திருந்தேன். எதுவும் எடுபடவில்லை. "பவர் எலெக்ட்ரானிக்ஸ்" என்றால், "டிவி ரிப்பேரா?" என்றார்கள். "உயர்திறன் துடிப்பு மின்னோட்ட மாற்றி" என்று தமிழில் சொன்னேன். சித்தி என் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "சரி, மொதல்ல சாப்பிடு" என்றார். கடைசியில் "கரண்ட் சம்பந்தமா" என்று சுருக்கிக்கொண்டேன். அதிலிருந்து மதுராந்தகத்தில் எங்கள் தெருவில் மின்சாரம் போகும்போதெல்லாம் எனக்கு போன் வர ஆரம்பித்தது. "ஏம்ப்பா, அங்க ஏதாச்சும் பண்ணிட்டியா?" என்பார் பெரியப்பா. விளையாட்டுக்குக் கேட்கிறார் என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன், எங்கள் கல்லூரியில் ஒரு பிளாக் முழுவதையும் இருட்டாக்கிய நாள் வரைக்கும்.

செங்கல்பட்டுக்கும் மாமல்லபுரத்துக்கும் நடுவில் இருக்கிறது கல்லூரி. பெயர் வேண்டாம். நடந்த எதற்கும் அது பொறுப்பல்ல.

செய்கிற வேலை இதுதான். சுவர் பிளக்கிலிருந்து வரும் மின்சாரத்தைக் கெபாசிட்டர்களில் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்ப்பது. சேர்த்ததை ஒரே மூச்சில் ஒரு செம்புச் சுருளில் கொட்டுவது. வருஷம் முழுக்க உண்டியலில் போட்டு, தீபாவளியன்று மொத்தத்துக்கும் சரவெடி வாங்கிக் கொளுத்துகிற கணக்கு. சுருளுக்குள் ஒரு அலுமினியக் குழாயை நிறுத்தினால் அதில் எதிர்த்திசையில் மின்னோட்டம் தூண்டப்படும். சுருளும் குழாயும் ஒன்றையொன்று தள்ளும். சுருள் நகராது, குழாய் நசுங்கும். அப்படி நசுங்கி, நொடிக்குச் சில நூறு மீட்டர் வேகத்தில் உள்ளே இருக்கும் இன்னொரு உலோகத்தின்மேல் மோதினால், இரண்டும் ஒட்டிப்பிடித்துக்கொள்ளும். நெருப்பு இல்லை, வெல்டிங் ராடு இல்லை. அலுமினியத்தையும் இரும்பையும் சாதாரண முறையில் பற்றவைப்பது பெரும்பாடு, இதில் சேர்ந்துவிடும். வேக ஈனுலையின் எரிபொருள் குச்சிகளுக்கு முனை அடைக்கவும் இந்த உத்தியை நம் அணுசக்தித் துறைக்காரர்கள் சோதித்துப் பார்த்திருக்கிறார்கள். 1985-ல் சோதனை வேக ஈனுலை ஓடத் தொடங்கிய கல்பாக்கம் எங்கள் லேபுக்குத் தெற்கே, கடற்கரையை ஒட்டியே போனால் வந்துவிடும் தூரம்.

ஆராய்ச்சிக்கு வருமுன் அணுசக்தி சம்பந்தப்பட்ட ஒரு வேலைக்கு நேர்முகத்துக்குப் போயிருந்தேன். வேக ஈனுலையில் வெப்பத்தைக் கடத்துவது திரவ சோடியம் என்று படித்து வைத்திருந்தேன். "சோடியம் எத்தனை டிகிரியில் உருகும்?" என்றார்கள். 801 என்று தயங்காமல் சொன்னேன். சோடியம் 98 டிகிரியில் உருகிவிடும், தண்ணீர் கொதிக்கும் சூடுகூட வேண்டாம். 801 என்பது சமையல் உப்பு. கேள்வி கேட்டவர் சிரிக்கவில்லை. அதுதான் இன்றைக்கும் உறுத்துகிறது.

சரி, கணக்குக்கு வருவோம். கணக்கில் நான் தோற்றதே கிடையாது. என் கெபாசிட்டர் வங்கி 1 மில்லி ஃபேரட். 2000 வோல்ட் ஏற்றினால் சேரும் ஆற்றல் 2000 ஜூல். அதைக் கொண்டு ஒரு டம்ளர் தண்ணீரின் சூட்டை இரண்டரை டிகிரி கூட ஏற்ற முடியாது; டீ போட ஆகாது. ஆனால் அதையே 100 மைக்ரோ விநாடியில் கொட்டினால் சராசரி 20 மெகாவாட். கல்பாக்கத்தில் உள்ள பழைய அணுமின் உலை ஒன்றின் திறன் 220 மெகாவாட். ஆக, அந்த 100 மைக்ரோ விநாடிக்கு மட்டும் என் மேஜை அதில் பதினொன்றில் ஒரு பங்கு. இந்த வரியை முதலாண்டு ரிப்போர்ட்டில் எழுதி அடிக்கோடும் போட்டிருந்தேன். கைடு அதைச் சுழித்து, "மற்ற நேரங்களில்?" என்று பக்கத்தில் எழுதித் திருப்பிக் கொடுத்தார்.

சுற்றின் மொத்த இண்டக்டன்ஸ் 1 மைக்ரோஹென்றி என்று வைத்தால், இழப்புகளைக் கழிக்காமல், உச்ச மின்னோட்டம் 63,000 ஆம்பியர் வரும். காகிதத்தில் வந்தது. லேபில் அதில் பாதியைத் தொடவே திணறியது. ஏன் என்று பல வாரம் தேடினேன். கெபாசிட்டர் கெட்டுவிட்டதோ, தைரிஸ்டர் சரியாகத் திறக்கவில்லையோ, மீட்டர் பொய் சொல்கிறதோ என்று எல்லாவற்றின்மேலும் சந்தேகப்பட்டேன், என்மேல் தவிர. காரணம் என் பயம். கெபாசிட்டர் வங்கி வெடித்தால் சுருள் பக்கம் நிற்கும் எனக்கு ஒன்றும் ஆகக்கூடாது என்று வங்கியை அறையின் அந்த மூலைக்குத் தள்ளி, நீளமாகக் கேபிள் இழுத்திருந்தேன். விரிந்து கிடக்கும் கம்பி மீட்டருக்கு ஏறத்தாழ 1 மைக்ரோஹென்றியைச் சும்மா சேர்த்துவிடும். இது பி.இ. மூன்றாம் வருஷப் பாடம். பரீட்சையில் எழுதி மார்க்கும் வாங்கியிருக்கிறேன். மொத்தம் 3 மைக்ரோஹென்றி ஆகிவிட்டது. உச்ச மின்னோட்டம் அதன் வர்க்கமூலத்தால் வகுபடும். மிச்சத்தைக் கேபிளின் மின்தடை தின்றது. ஒரு மனிதன் எவ்வளவு பயப்படுகிறான் என்பதை மைக்ரோஹென்றியில் அளந்து காட்டிய முதல் ஆராய்ச்சி என்னுடையதாகத்தான் இருக்கும்.

பிறகு ஐ.ஜி.பி.டி. கெபாசிட்டரை 2000 வோல்ட்டுக்கு ஏற்றுகிற சார்ஜரில் நான்கு உண்டு. இந்த ஐ.ஜி.பி.டி.யை உருவாக்கிய ஜெயந்த் பாலிகா 1948-ல் மெட்ராஸில் பிறந்தவர், 1969-ல் சென்னை ஐ.ஐ.டி.யில் பி.டெக். முடித்தவர். அமெரிக்காவில் ஜெனரல் எலெக்ட்ரிக் கம்பெனியில் இருந்தபோது அவர் செய்த இந்தச் சுவிட்சு இன்றைக்கு ஏ.சி.யில், இண்டக்‌ஷன் அடுப்பில், காற்றாலையில், ரிச்சி தெருவுக்குப் பார்ட்ஸ் வாங்க நான் ஏறும் புது லோக்கல் ரயிலின் அடிவயிற்றில் எல்லாம் இருக்கிறது. 2024-ல் ஃபின்லாந்தின் மில்லேனியம் தொழில்நுட்பப் பரிசு அவருக்குக் கிடைத்தது. செய்தியைப் படித்த அன்று அவர் கண்டுபிடிப்பில் இரண்டைக் கொன்றுவிட்டு ஹாஸ்டல் படிக்கட்டில் உட்கார்ந்திருந்தேன்.

ஒரே தூணில் மேலே ஒன்று, கீழே ஒன்று என இரண்டு இரண்டாக நிற்கும் இவை. மேலது முழுக்க அணைந்து, சற்று இடைவெளி விட்டு, அப்புறம்தான் கீழது திறக்க வேண்டும். இரண்டும் ஒருசேரத் திறந்தால் நேரடி ஷார்ட். எனக்கு வேண்டிய இடைவெளி 2 மைக்ரோ விநாடி. என் கன்ட்ரோலர் 150 மெகாஹெர்ட்ஸில் ஓடுவது. அதற்கு மைக்ரோ விநாடி எல்லாம் தெரியாது, கடிகாரத் துடிப்பைத்தான் எண்ணும். 2 மைக்ரோ விநாடி வேண்டுமென்றால் புரோகிராமில் 300 என்று போட வேண்டும். நான் 2 என்று போட்டேன். கிடைத்தது 13 நானோ விநாடி.

அப்படியே ஷார்ட் ஆனாலும் ஐ.ஜி.பி.டி. உடனே செத்துவிடாது. பொதுவாக ஒரு 10 மைக்ரோ விநாடி தாக்குப்பிடிக்கும். அதற்குள் மோப்பம் பிடித்து அணைப்பதற்கென்றே கேட் டிரைவரில் ஒரு காவல் சுற்று இருக்கிறது. அந்தக் காவல் சுற்றை முந்தின நாள் சாயங்காலம்தான் நான் கழற்றி வைத்திருந்தேன். காரணமில்லாமல் டிரிப் ஆகித் தொல்லை கொடுக்கிறது என்று. அது காரணத்தோடுதான் டிரிப் ஆகியிருக்கிறது.

சத்தம் ஒன்றும் பெரிதாக இல்லை. டப் என்று ஒன்று, பிறகு கருகிய வாடை. கூடவே மெயின் பிரேக்கர் விழுந்து பிளாக் முழுக்க ஃபேன் நின்றது. கீழே கேன்டீனில் கிரைண்டர் நின்றதுதான் உண்மையான சேதம். அன்று மதியம் தோசை இல்லை. லேப் அண்ணன் வந்தார். திருக்கழுக்குன்றத்துக்காரர், இந்த லேபில் கைடுக்கும் முந்தி வேலைக்குச் சேர்ந்தவர். செத்த மாட்யூலைக் கையில் வாங்கி, வெடித்த ஓரத்தைக் கட்டைவிரலால் தடவிப் பார்த்தார்.

"இன்னா தம்பி, இதுவும் போச்சா?"

"போச்சுண்ணே."

"பரவால்ல வுடு. கழுவே வர்றத நிறுத்திட்டுது, இது நின்னா இன்னா?"

திருக்கழுக்குன்றத்து மலைக்கு உச்சிவேளையில் வந்து பிரசாதம் சாப்பிட்டுப்போன இரண்டு கழுகுகளைச் சொல்கிறார். பல வருஷமாக அவை வருவதில்லை. இதில் எனக்கு என்ன ஆறுதல் என்று அப்போது புரியவில்லை, இப்போதும் புரியவில்லை. ஆனால் மனசு லேசானது. மாட்யூலைக் கொண்டுபோய் ஜன்னலோரம் ஹார்லிக்ஸ் பாட்டிலில் போட்டார். பாட்டிலில் ஏற்கெனவே கணிசமாக இருந்தன. புதிதாக எம்.இ. சேரும் பிள்ளைகளுக்கு லேபைச் சுற்றிக்காட்டும்போது அந்தப் பாட்டிலைத்தான் முதலில் காட்டுகிறார் என்று பின்னால் தெரிந்தது.

அளவெடுப்பில் நடந்ததையும் சொல்லிவிடுகிறேன், இதைக் கைடும் நானும் மட்டுமே அறிவோம். ஆயிரக்கணக்கான ஆம்பியரை நேராக மீட்டருக்குள் விட முடியாது. கம்பியைச் சுற்றி ரோகோவ்ஸ்கி சுருள் என்று ஒரு வளையத்தை மாட்டினால், மின்னோட்டம் மாறுகிற வேகத்துக்கு ஏற்ப அதில் ஒரு சிறு வோல்டேஜ் வரும். அதைக் கூட்டிச் சேர்த்தால் மின்னோட்டத்தின் வடிவம் ஆசிலோஸ்கோப்பில் தெரியும். எனக்குத் தெரிந்தது தலைகீழாக. நேர்த்திசையில் எழ வேண்டிய முதல் அலை எதிர்த்திசையில் எழுந்தது. பார்த்ததும் உடம்பு சிலிர்த்துவிட்டது. சுருளிலிருந்து ஆற்றல் கெபாசிட்டருக்குத் திரும்புகிறது, இதுவரை யாரும் பேசாத ஒரு பாதையில், என்று முடிவு கட்டினேன். ராத்திரியோடு ராத்திரியாக ஒன்றரைப் பக்கம் எழுதி, அந்த விளைவுக்கு ஒரு பெயரும் வைத்து, சமன்பாட்டுக்கு எண்ணும் கொடுத்துவிட்டேன். காலையில் கைடு படித்தார். முழுக்கப் படித்தார், பாதியில் நிறுத்தவில்லை, அதுதான் கொடுமை. படித்து முடித்து, "வளையத்துல ஒரு அம்புக்குறி இருக்குமே, பார்த்தியா?" என்றார்.

பார்த்தேன். வளையத்தைப் பின்பக்கமாக மாட்டியிருந்தேன்.

டாக்டரல் கமிட்டி மீட்டிங்குக்கு வெளியிலிருந்து இரண்டு பேராசிரியர்கள் வந்தார்கள். செய்து காட்டு என்றார்கள். குழாயை நிறுத்தி, எல்லோரையும் தடுப்புக்குப் பின்னால் நகர்த்தி, பொத்தானை அழுத்தினேன். 'டொக்' என்றது. குழாய் ஒரு பக்கம் மட்டும் லேசாக ஒடுங்கியிருந்தது. கைதவறிக் கீழே போட்டிருந்தால்கூட இதைவிட நன்றாக நசுங்கியிருக்கும். இதற்கும் மூலகாரணம் அந்த நீளக் கேபிள்தான். இண்டக்டன்ஸ் ஏறியதில் மின்னோட்டம் குறைந்தது மட்டுமில்லை, துடிப்பும் மந்தமாகிவிட்டது: 5 கிலோஹெர்ட்ஸ் இருந்தது 3-க்கும் கீழே இறங்கிவிட்டது. துடிப்பு வேகமாக இருந்தால்தான் காந்தப்புலம் அலுமினியத்தின் மேல்தோலோடு நின்று தள்ளும். 5 கிலோஹெர்ட்ஸில் அந்தத் தோல் 1.2 மில்லிமீட்டர்; 3-க்குக் கீழே போனால் ஒன்றரை. என் குழாயின் சுவரே 1 மில்லிமீட்டர்தான். காந்தப்புலம் குழாயை நசுக்காமல் ஊடுருவி அந்தப் பக்கம் போய்விட்டது. வந்தவர்களில் மூத்தவர் குழாயைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "நல்ல முயற்சி" என்றார். குழாய் இப்போது கைடு மேஜையில் பேனா போட்டு வைக்கப் பயன்படுகிறது. ஒடுங்கிய பக்கத்தில் பேனா சரியாகச் சாய்ந்து நிற்கும்.

மீட்டிங் முடிந்து, வந்தவர்களை வழக்கம்போல மாமல்லபுரம் அழைத்துப்போனோம். எங்கள் பக்கத்தில் எந்த ஆய்வுக் கூட்டமும் வெண்ணெய்ப் பந்தைத் தள்ளுகிற மாதிரி போட்டோ எடுக்காமல் முடிந்ததில்லை. அர்ச்சுனன் தபசுச் சிற்பத்தில் ஒற்றைக்காலில் நின்று கையைத் தூக்கித் தவம் செய்யும் ஒரு பூனை உண்டு, காலடியில் எலிகள். நின்று பார்க்கச் சங்கடமாக இருந்தது. மூன்றாவது வருஷ ஆராய்ச்சி மாணவனின் நிலையைப் பல்லவச் சிற்பி எப்படி அறிந்தான்? அங்கிருந்து வலையன்குட்டை, பிடாரி ரதங்கள் பக்கம் போனோம். அவை முடிக்கப்படாதவை. கீழ்ப்பாகத்தைச் செதுக்காமல் அப்படியே விட்டுவிட்டார்கள். ஐந்து ரதங்களிலும் சிலவற்றில் வேலை பாதியில்தான் நிற்கிறது. "இதையெல்லாம் ஏன் முடிக்கலை?" என்று மூத்தவர் கேட்டார். எங்கள் கைடு யோசிக்கவே இல்லை. "ஃபண்டிங் நின்னிருக்கும் சார்." முடிக்காத வேலையோடு சேர்த்தே 1984-ல் யுனெஸ்கோ இந்த இடத்தை உலகப் பாரம்பரியப் பட்டியலில் எடுத்துக்கொண்டது என்ற தகவலை நான் நடுவில் சொல்லிவைத்தேன். யாரும் அதை என் ஆய்வேட்டோடு பொருத்திப் பார்த்ததாகத் தெரியவில்லை.

திரும்பிவந்து கேபிளைத் தூக்கிப்போட்டேன். வங்கியைச் சுருளுக்குப் பக்கத்திலேயே கொண்டுவந்து, அகலமான செம்புப் பட்டைகளை நடுவில் மெல்லிய காப்புத்தாள் வைத்து ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி பஸ்பார் போட்டேன். அண்ணன் துளை போட்டுக் கொடுத்தார், நான் நட்டு போல்ட் மாட்டினேன். அந்த வேலைப் பிரிவினையைத்தான் மாற்றியிருக்க வேண்டும்.

முதல் சில துடிப்புகள் அருமையாக வந்தன. அடுத்ததில் பஸ்பார் மூட்டில் பளீர் என்று ஒரு வெளிச்சம். ஓடி மேஜைக்கு அடியில் போய்விட்டேன், தடுப்புக்குப் பின்னால்தான் நிற்கிறேன் என்பதை மறந்து. வங்கியை முழுக்க வடித்து, டிஸ்சார்ஜ் ராடால் தொட்டு உறுதி செய்த பிறகு அண்ணன் மூட்டைக் கழற்றினார். செம்பு கருத்து, ஓரத்தில் குழி விழுந்திருந்தது. மூட்டின் ஒரு முகத்தில் பச்சையாக மெல்லிய படலம். லேப் ஜன்னலைத் திறந்தால் உப்புக்காற்று, ஜன்னலைத் திறந்து வைப்பது நான். அண்ணன் நட்டை விரலாலேயே சுழற்றிக் கழற்றி என் உள்ளங்கையில் வைத்தார்.

"ஸ்பிரிங் வாஷர் எங்க தம்பி?"

"போடலண்ணே."

"உப்புத்தாள் போட்டு தேச்சியா?"

பதில் சொல்லவில்லை.

"பி.எச்.டி.யில இதெல்லாம் சொல்லித்தர மாட்டாங்களா?"

நன்றாக இறுகிய மூட்டில் சில மைக்ரோ ஓம்தான் இருக்கும். தளர்ந்து, படலமும் ஏறினால் 1 மில்லி ஓம் வரை போகலாம். போனால் 50,000 ஆம்பியரில் அந்த ஒரு நட்டடியில் மட்டும் இரண்டரை மெகாவாட். கணக்கை அன்று ராத்திரியே போட்டுவிட்டேன். கணக்கில் நான் தோற்பதில்லை என்று முன்பே சொன்னேன்.

மூட்டு விஷயத்தில் எனக்குத் துணைக்கு ஆள் உண்டு, அதுவும் சாதாரண ஆள் இல்லை. ஜெனிவாவுக்குப் பக்கத்தில் செர்ன் கட்டிய பெரிய துகள்மோதி ஓடத் தொடங்கி ஒன்பதாவது நாள், 2008 செப்டம்பர் 19. காந்தங்களில் மின்னோட்டத்தை ஏற்றிக்கொண்டிருந்தார்கள். 8,700 ஆம்பியரில் இரண்டு காந்தங்களுக்கு நடுவில் இருந்த ஒரு இணைப்பு கைவிட்டது. அந்த இணைப்பின் தடை சுமார் 220 நானோ ஓம் இருந்திருக்கும் என்று பிறகு கணித்தார்கள். பெருக்கிப் பார்த்தால் 17 வாட்டுக்கும் குறைவு, ஒரு எல்.இ.டி. பல்பு. ஆனால் அது மீகடத்தி, 1.9 கெல்வினில் இருக்க வேண்டிய இடத்தில் அந்தச் சூடே போதும். மின்பொறி கிளம்பி ஹீலியம் கலத்தைத் துளைத்து, டன் கணக்கில் ஹீலியம் சுரங்கத்துக்குள் பீறிட்டது. 53 காந்தங்களை மேலே கொண்டுவர வேண்டியிருந்தது. மறுபடி கற்றை சுற்றியது 2009 நவம்பரில். அந்தக் காந்தங்களைக் காப்பாற்றுவதற்கென்று, ஆபத்து என்றால் கெபாசிட்டரைச் சட்டென்று ஹீட்டரில் கொட்டும் பெட்டிகள் ஆயிரக்கணக்கில் இந்தியாவிலிருந்துதான் போயிருந்தன. துடிப்பு மின்னோட்ட வேலை, என் இனம். அவை என்னைப்போல் இல்லை, ஒழுங்காக வேலை செய்பவை.

இதையெல்லாம் படித்துவிட்டு ஒரு டார்க் ரெஞ்ச் கேட்டு இண்டெண்ட் போட்டேன். நட்டை எவ்வளவு இறுக்குகிறோம் என்று அளந்து இறுக்கும் ஸ்பானர். மூன்று கொட்டேஷன் வைத்தேன். ஃபைல் திரும்பிவந்தது: "லேபில் ஸ்பானர் செட் இருப்பில் உள்ளது. தேவைக்கான காரணத்தை விளக்கவும்." செர்ன் விபத்து அறிக்கையிலிருந்து சம்பந்தப்பட்ட பக்கங்களை எடுத்து இணைத்து மறுபடி அனுப்பினேன். மறுபடி வந்தது, சிவப்பு மையில்: "இணைப்பில் கண்ட நிறுவனத்துடன் நமக்குப் புரிந்துணர்வு ஒப்பந்தம் உள்ளதா?"

அதற்கு இன்னும் பதில் எழுதவில்லை. திருக்கழுக்குன்றத்தில் அண்ணனின் மச்சான் டூவீலர் மெக்கானிக் ஷாப் வைத்திருக்கிறார். அவரிடம் டார்க் ரெஞ்ச் இருக்கிறது. வார நாட்களில் தர மாட்டார், தொழில் கெட்டுவிடும். ஞாயிற்றுக்கிழமை கடை லீவு என்பதால் என் சோதனைகள் எல்லாம் இப்போது ஞாயிற்றுக்கிழமையில்தான் நடக்கின்றன. கேன்டீனும் அன்றைக்கு லீவு.